மூலை வீட்டு கேட்

என் மனைவி மறுபடியும் காணாமல் போய், டவுன் பஸ் டிரைவர் ஒருவர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுப் போன அன்று சாயங்காலம், என் மகள் வந்து முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“அப்பா, இன்னொரு தடவை அம்மா ரோட்டுக்குப் போனாங்கன்னா நான் ஹோம்ல சேர்த்துடுவேன். நல்ல இடம்தான், போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். நீங்க அழுதாலும் சரி, திட்டினாலும் சரி.”

“நான் எப்ப அழுதிருக்கேன்?”

“அப்ப திட்டுங்க.”

திட்ட வாய் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பு இல்லை. எங்கள் வீடு மூலை வீடு. முன்னால் ஒரு ரோடு, பக்கவாட்டில் ஒரு ரோடு. சரக்கு லாரிகள் எங்கள் மூலையில்தான் வளைந்து திரும்பும். நானே லாரி ஓட்டிப் பிழைத்தவன். அந்த உயரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பம்பருக்கு முன்னால் நிற்கும் குள்ளமான பொம்பளை கண்ணுக்கே தெரியமாட்டாள். என் மனைவி குள்ளம்.

அந்த பஸ் டிரைவருக்கு நான் ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. இவனுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை, என்ன எதிர்பார்க்கிறானோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஜனங்களை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். தெருமுனையில் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். “அம்மாவைப் பத்திரமா பார்த்துக்கங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரி ஆட்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியாது. பழக்கம் இல்லை.

என் மனைவிக்கு வந்திருப்பதற்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அது என் வாயில் நுழையவில்லை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: புதிதாக நடப்பது எதுவும் அவளிடம் தங்குவதில்லை, பழசு மட்டும் கல் மாதிரி நிற்கிறது. அவள் ஒரு சட்டை கம்பெனியில் காலர் தைத்தவள். அந்தக் கம்பெனி மூடி, கட்டடத்தையும் இடித்து, இப்போது அங்கே கட்டில் பீரோ விற்கிறார்கள். அதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. காலையில் எழுந்து தலை வாரி, கைப்பையைத் தோளில் மாட்டி, “ஏங்க, ஷிஃப்டுக்கு நேரமாச்சு, கிளம்பறேன்” என்பாள். அப்போது நான் பக்கத்தில் இருந்தால் எதையாவது சொல்லி உட்கார வைப்பேன். குளித்துக்கொண்டிருந்தால் போச்சு. அவள் காத்திருக்கமாட்டாள். லேட்டானால் சூப்பர்வைசர் கத்துவாராம்.

வீட்டுக் கதவைப் பூட்டிப் பார்த்தேன், ஒரே ஒரு நாள். அவள் இரண்டு கையாலும் கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. “யாராவது திறங்களேன்” என்று அவள் கெஞ்சியது எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு வேலி இருந்தால் போதும், முற்றத்தில் அவள் இஷ்டத்துக்கு நடக்கட்டும் என்று நினைத்தேன்.

வேலிக்கு ஆள் கூப்பிட்டால் ஏமாற்றிவிடுவான் என்று கோடையில் நானே கம்பங்களை நட்டுக் கம்பி இழுத்தேன். பார்க்க ஜோராக இருந்தது. முதல் மழை பெய்தது. அடுத்த வாரம் பார்த்தால், ஒவ்வொரு கம்பமும் சாராயக் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது. கம்பத்துக்கு ஏது வேர் என்று கேட்காதீர்கள், அப்படித்தான் இருந்தது.

அப்புறம் மாப்பிள்ளைதான் ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை நல்லவர். அதனாலேயே எனக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம்.

ஒரு சின்ன வேன் வந்து நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். கட்டையான உடம்பு, ஆண்பிள்ளைச் சட்டை, காதில் பென்சில். அந்தப் பக்கமிருந்து ஒருவர் கடப்பாரையோடு இறங்கினார். நான் அவரைப் பார்த்து, “வாங்க மேஸ்திரி” என்றேன். அவர் பெண்ணைக் கைகாட்டினார்.

“மேஸ்திரி நான்தான் பெரியவரே. இவர் என் வீட்டுக்காரர். குழி தோண்டுவார். எங்க வீட்டுல பேச்சு டிபார்ட்மெண்ட் என்னோடது.”

வீட்டை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தாள். பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுப் பிசைந்து, விரலுக்கு நடுவே உருட்டினாள். மண் நூல் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று, அறுந்து விழவில்லை.

“பார்த்தீங்களா? சுத்தமான களிமண்ணு. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஆழமில்லாம நட்ட கம்பத்தை மேல தூக்கிக் கடாசிடும். இதெல்லாம் யாரு நட்டது?”

“ஒரு மடையன்.”

“ஆளு இந்தப் பக்கம்தான் இருக்கானா?”

“உன் எதிர்லதான் நிக்கிறான்.”

கடப்பாரைக்காரர் சிரித்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். அன்றிலிருந்து நான் அவரைக் ‘கடப்பாரை’ என்றே கூப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற ஆளும் இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தகரம். வெளியில் இருப்பது உள்ளே தெரியக்கூடாது, உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது. முன்னால் ரெட்டைக் கதவு கேட், ரோட்டுப் பக்கம் திறக்கிற மாதிரி. நடுவில் ஒரு பூட்டு.

“இதுல ஒண்ணுகூட நடக்காது பெரியவரே,” என்றாள் அவள், கல்யாண வீட்டில் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிற மாதிரி சாவகாசமாக. “பின்பக்கமும் பக்கத்து வீட்டுப் பக்கமும் ஆள் உயரம் வைக்கலாம். ரோட்டுப் பக்கம் நெஞ்சு உயரம்தான். அதுவும் கம்பி வேலி. இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் தெரியணும். மூலை வீட்டுக்கு அதுதான் விதி, திரும்பற வண்டிக்குக் கண்ணு மறைக்கக்கூடாது. கேட்டு வெளியில திறக்கவே கூடாது. நடைபாதையில போறவன் மூக்கு என்ன ஆகறது?”

“சரி, உள்பக்கமா திறக்கற மாதிரி வை.”

அவள் ஒரு நீளப் பலகையையும் சரிவு பார்க்கிற ரசமட்டத்தையும் எடுத்து வாசலில் வைத்துக் காட்டினாள். “ரோட்டுலேர்ந்து உங்க வீட்டைப் பார்க்க தரை ஏறிக்கிட்டே போகுது. உள்ள திறந்தா, கதவு பாதி வர்றதுக்குள்ள அடி இடிச்சு நிக்கும்.”

“அப்ப எப்படித்தான் திறக்கறது? குதிச்சா?”

“பக்கவாட்டுல நகரணும். கீழ தண்டவாளம், சக்கரம். வேலியை ஒட்டியே போயிடும்.”

“அது விலை ஜாஸ்தி இல்ல?”

“ஆமா.”

“அதானே பார்த்தேன்!”

அவளை உட்காரச் சொல்லிவிட்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். என் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. விலை கூடின கேட்டை விற்பதற்கு இல்லாத விதியையெல்லாம் இவள் சொல்கிறாள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு, அவள் சொன்ன அதே விஷயத்தை அதே வரிசையில் சொன்னார்.

“நீங்க ரெண்டு பேரும் கூட்டா?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “ஐயா என்ன வேலை பார்த்தீங்க?”

“லாரி.”

“மூலையில ஒருத்தன் ஆள் உயரத்துக்குத் தகரம் அடிச்சிருந்தா, திரும்பறப்ப அவனை என்னன்னு சொல்லுவீங்க?”

நான் என்ன சொல்லுவேனோ அதை அலுவலகத்தில் சொல்ல முடியாது. எழுந்து வந்துவிட்டேன். ஒரு ஆள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் சந்தோஷம்தானே வரவேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அவள் வேனில் சாய்ந்து உட்கார்ந்து என் மனைவி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். கடப்பாரையும் குடித்தார். அதைப் பார்த்தபிறகு நான் பேரம் பேசவில்லை.

வேலை ஆரம்பித்தது. குழி எல்லாம் தொடை ஆழம். எனக்குத் தெரிந்து குழி என்றால் நேராகத்தான் தோண்டுவார்கள். கடப்பாரை பானை மாதிரி தோண்டினார், வாய் சின்னது, வயிறு பெருசு.

“வயிறு பெருத்தவன் சின்ன வாசல்ல வெளிய வர முடியுமா?” என்று வேலிக்காரம்மா விளக்கம் சொன்னாள். “அதே மாதிரிதான். மண்ணு எவ்வளவு உப்பினாலும் கான்கிரீட்டு வெளிய வராது.”

“உன் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்றியா, குழியைப் பத்திச் சொல்றியா?”

“ரெண்டுக்கும் சேர்த்துத்தான்.”

அடியில் ஜல்லி போட்டார்கள், தண்ணீர் தேங்காமல் இறங்க. மேலே கான்கிரீட்டைக் கவிழ்த்த தட்டு மாதிரி சரித்து விட்டார்கள், மழைத்தண்ணீர் கம்பத்தை விட்டு ஓட. பக்கவாட்டில் ஒரு இடத்தில், “இங்க தண்ணிக் குழாய் கிடையாது, தாராளமா தோண்டு, இது என் வீடு, எனக்குத் தெரியாதா” என்று சொன்னேன். கடப்பாரை, கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினார். குழாய் அங்கேதான் இருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன்.

என் மனைவிக்கு வேலிக்காரம்மாவைப் பிடித்துப்போயிற்று. அவள்தான் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் என்று முடிவு செய்துவிட்டாள். வெல்டிங் வைத்த இடத்தையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போவாள். ஒரு தடவை நின்று, “மேடம், இங்க தையல் விட்டுப்போச்சு” என்றாள். வேலிக்காரம்மா சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். நிஜமாகவே ஒரு விரல்கடை இடத்தில் வெல்டிங் பிடிக்காமல் இருந்தது.

“அம்மா, நீங்க என்கூட வேலைக்கு வந்துடுங்க.”

“முதல்ல எங்க மேனேஜர்கிட்ட கேக்கணும்,” என்றாள் என் மனைவி.

எனக்கு இருந்த பயம் வேறு. வாசல் கேட் வருகிறவரை தற்காலிகமாக ஒரு கம்பித் தட்டியை நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் கொக்கி போட்டார்கள். என் மனைவி திறந்துகொண்டு நடைபாதைக்குப் போய்விட்டாள். கடப்பாரைதான் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். தாழ்ப்பாள் போட்டார்கள். திறந்தாள். வெளிப்பக்கம், கீழே, கை எட்டாது என்று நினைத்த இடத்தில் ஒரு ஸ்பிரிங் பூட்டு வைத்தார்கள். கம்பி இடுக்கில் கையை விட்டு, ஊசியில் நூல் கோப்பவள் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டே திறந்தாள்.

“அம்மாவுக்கு மறந்துபோச்சு, அவங்க கைக்கு மறக்கல பெரியவரே,” என்றாள் வேலிக்காரம்மா. அப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. என் மகள் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் வெளியாளிடம் வீட்டு விஷயம் பேசுகிறவன் இல்லை.

“கேட்டுக்கு ஒரு வளையம் வெச்சுக் கொடு. சங்கிலி போட்டுப் பூட்டிடறேன்.”

“வைக்க மாட்டேன்.”

“என்னது?”

“பூட்டிட்டு நீங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீங்கன்னா யாரு உள்ள வருவா? அடுப்புல எதாவது தீப்பிடிச்சா அம்மா எந்த வழியா வெளிய வருவாங்க? பூட்டைத் தவிர வேற என்ன வேணும்னாலும் கேளுங்க.”

“இது உன் வீடா, என் வீடா?”

“வீடு உங்களோடது. வேலை என்னோடது.”

அன்று சாயங்காலம் நான் இரும்புக் கடைக்குப் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவள் போனபிறகு போட்டுக்கொள்ளலாம். என் மனைவி பூட்டின கேட்டை ஆட்டி ஆட்டிக் கெஞ்சுவாளே என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. ஹோமைவிட அது பரவாயில்லை என்று மனசை அடக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

கடைசி நாள் கேட்டைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தார்கள். செங்குத்தான கம்பிகள், நெஞ்சு உயரம், கறுப்புப் பெயிண்ட். கடப்பாரை ஒற்றை விரலால் அதைத் தள்ளிக் காட்டினார். சத்தமில்லாமல் வேலியை ஒட்டிப் போயிற்று. அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“தண்டவாளத்துல எண்ணெய் விடாதீங்க. மண்ணு ஒட்டிக்கும். கூட்டினாலே போதும்.”

இவ்வளவு நாள் சேர்த்துவைத்து இதைச் சொன்னார். வேன் போய்விட்டது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து சங்கிலியை மாட்டுவதாகத் திட்டம். தலையில் சோப்பு போட்டிருக்கும்போது கைப்பையின் ஜிப் சத்தம் கேட்டது. “ஏங்க, கிளம்பறேன்.” நான் கத்துவதற்குள் வாசல் கதவு திறந்து மூடியது.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கண்ணில் சோப்பு. வாசலுக்கு வந்தால், மூலையில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருக்கிறது. கம்பி வேலி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. லாரி தெரிந்தது, அதன் டிரைவர் வேகத்தைக் குறைத்து எங்கள் வாசலைப் பார்ப்பது தெரிந்தது. என் மனைவி கேட்டுக்கு உள்ளேதான் நிற்கிறாள் என்பதும் தெரிந்தது. நான் கேட்ட மாதிரி தகரம் அடித்திருந்தால் லாரி வருவது எனக்கும் தெரிந்திருக்காது, அவள் வாசலில் நிற்பது அந்த டிரைவருக்கும் தெரிந்திருக்காது. சோப்பு நுரையோடு அந்த இடத்திலேயே நின்று, அந்தக் கண்ணாடிக்கார அதிகாரிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அவள் கேட்டைத் தள்ளினாள். அசையவில்லை. பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கொக்கி இருக்கிறதா என்று மேலே கீழே தடவினாள். கொக்கியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. கைக்குத் தெரிந்த வேலை எதுவும் அங்கே இல்லை. பக்கவாட்டில் தள்ளவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அழப்போகிறாள், தட்டப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

அவள் திரும்பி, அதிகாரமும் மரியாதையும் கலந்த ஒரு குரலில் கேட்டாள். “வாட்ச்மேன், ஏன் இன்னும் கேட்டைத் திறக்கல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கம்பெனி கேட்டும் இதே மாதிரிதான், கம்பி வைத்து, சக்கரத்தில் நகர்வது. அதில் வேலை செய்கிறவர்கள் யாரும் கைவைக்கக்கூடாது. வாட்ச்மேன்தான் திறக்கவேண்டும். வாட்ச்மேன் திறக்கவில்லை என்றால்...

“இன்னைக்கு லீவும்மா,” என்றேன்.

“லீவா?”

“ஆமா. மேனேஜர் சொல்லிட்டார்.”

அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வது? அவ்வளவு வருஷம் காலர் தைத்தவளுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு லீவு. “ஐயோ, நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா!” என்று கையைத் தட்டினாள். “எங்க வீட்டுக்காரர் லாரியை எடுத்துட்டுக் கிளம்பறதுக்குள்ள போய்ச் சொல்லணும். ரெண்டு பேரும் எங்கயாவது போகலாம்.” சொல்லிவிட்டுப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து விறுவிறு என்று நடந்தாள்.

நான் என்ன செய்வது? பக்கவாட்டு வழியாகப் பின்பக்கம் ஓடினேன், இந்த வயதில், துண்டோடு. கொல்லைக் கதவு வழியாக உள்ளே புகுந்து கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. அவள் உள்ளே வந்தாள்.

“ஏங்க! நல்லவேளை, நீங்க இன்னும் கிளம்பல. இன்னைக்கு எங்களுக்கு லீவு விட்டுட்டாங்க!”

“அப்படியா?” என்றேன். “ரொம்ப நல்லதாப்போச்சு.”

“என்ன தலையெல்லாம் சோப்பு?”

“உனக்கு லீவுன்னு கேட்டதும் குளிக்கறதை விட்டுட்டு வந்துட்டேன்.”

அவள் சிரித்தாள். துண்டின் நுனியை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள். எனக்குக் கண் எரிந்தது. சோப்புதான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டில் லீவுதான். அவள் போவாள், தள்ளுவாள், இழுப்பாள், லீவு என்று தெரிந்து சந்தோஷமாகத் திரும்பி வருவாள். நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவளே முடிவுக்கு வந்துவிடுகிறாள். சங்கிலியும் பூட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. இரும்புக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன் என்றான். அவனிடம் நான் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நான் உள்ளே இருந்தேன். வெளியிலிருந்து கத்தல் கேட்டது.

“அப்பா! என்ன இது, பூட்டி வெச்சிருக்கீங்களா? அம்மாவை ஜெயில்ல போட்ட மாதிரி! இதுக்கா வேலி போட்டீங்க?”

“எங்கடி பூட்டு இருக்கு? கண்ணைத் திறந்து பாரு.”

“அப்ப ஏன் திறக்க மாட்டேங்குது?” அவள் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய படிப்பு, பேங்கில் வேலை.

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி வாசலுக்கு வந்து, மகளைப் பார்த்து அன்பாகச் சொன்னாள். “இன்னைக்கு லீவும்மா. சும்மா ஆட்டிக்கிட்டு இருக்காத. வீட்டுக்குப் போய்த் தூங்கு.”

மகள் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் போய் விரலால் கேட்டை நகர்த்தினேன். அது போன போக்கைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. அன்று இங்கேயே தங்கினாள். மறுநாள் காலையில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, அவள் அம்மா கைப்பையோடு போவதையும், திரும்பி வருவதையும், “லீவு!” என்று கைதட்டுவதையும் பார்த்தாள்.

கிளம்பும்போது சொன்னாள். “ஹோம்ல ஒரு இடம் சொல்லி வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன்பா.” கொஞ்சம் நிறுத்தி, “இப்போதைக்கு” என்றாள்.

இப்போதைக்கு என்றால் எனக்குப் போதும். என் வயதில் எல்லாமே இப்போதைக்குத்தான். “மாப்பிள்ளைகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு” என்றேன். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். “நல்ல ஆளைத்தான் அனுப்பிச்சார்னு சொல்லு” என்றும் சொன்னேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

வேலிக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். கேட்டில் ஏதோ கோளாறு, திட்டக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கருவிகளோடு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ வாய் மூடி நான் பார்த்ததே இல்ல,” என்றார் கடப்பாரை.

“எல்லாம் யோசிச்சுத்தான் இப்படி வெச்சியாம்மா?” என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“இல்ல பெரியவரே. தரை ஏறுதேன்னு வெச்சேன். வெளிய திறக்கக்கூடாதுன்னு விதி இருக்கேன்னு வெச்சேன். இது எனக்குத் தோணவே இல்ல.”

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. டயர் கடைக்காரனையும், எடை மேடைக்காரனையும், டோல்கேட்காரனையும் பார்த்து வளர்ந்த சந்தேகம் இது. ஆனால் தனக்குச் சேரவேண்டாத பெருமையைக் கையில் கொடுத்தும் திருப்பிக் கொடுக்கிறவளை என்ன சந்தேகப்படுவது? நன்றி என்று சொல்ல நினைத்தேன். வண்டி கியர் விழாமல் திணறுகிற மாதிரி தொண்டையில் கரகர என்று நின்றது. கடைசியில் வந்துவிட்டது.

“நன்றிம்மா. உனக்கும் நன்றிப்பா.”

“அதுக்கு ஏன் பெரியவரே இப்படி முறைக்கறீங்க?” என்றாள் அவள்.

“என் மூஞ்சி அப்படித்தான்.”

அவளே யோசித்து, என்றைக்காவது ஒரு நாள் என் மனைவியின் கை பக்கவாட்டில் தள்ளிவிட்டால் எனக்குத் தெரியவேண்டுமே என்று, சக்கரம் உருண்டால் அடிக்கிற ஒரு சின்ன மணியைப் பொருத்திக் கொடுத்தாள். அதற்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தத் தடவை டீ நான் போட்டேன். சர்க்கரை போட்டுத்தான். கடப்பாரை ஒரு வாய் குடித்துவிட்டு, அம்மா போட்டதே பரவாயில்லை என்கிற மாதிரி மனைவியைப் பார்த்தார்.

காலையில்தான் நான் வாட்ச்மேன். சாயங்காலம் நான் அவள் வீட்டுக்காரர். வெயில் தணிந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வருவாள், நான் கேட்டை நகர்த்துவேன், மணி அடிக்கும், இரண்டு பேரும் வெளியே போவோம். அவள் ரோட்டோரமாக இல்லாமல் வேலி ஓரமாகவே வருகிற மாதிரி அவளை உள்பக்கம் விட்டு நடப்பேன். அவள் கம்பிகளை விரலால் தட்டிக்கொண்டே வருவாள். மூலை வரை போய், பக்கத்து ரோட்டில் கொஞ்சதூரம் போய்த் திரும்புவோம். மழைக்காலம் முடிந்துவிட்டது. ஒரு கம்பம்கூடச் சாயவில்லை.

நேற்று திரும்பி வரும்போது அவள் எங்கள் வாசலில் நின்றுவிட்டாள்.

“இது யாரு வீடுங்க?”

“யாரோ லாரி ஓட்டினவராம்.”

அவள் வேலியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். வெல்டிங் வைத்த ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தாள். உள்ளே தெரியும் முற்றத்தையும், திறந்திருந்த வாசல் கதவையும் பார்த்தாள்.

“நல்ல மனுஷனா இருப்பார் போல. ரோட்டுல போறவங்களை நம்பி, எல்லாம் தெரியற மாதிரி வெச்சிருக்காரே.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னைப் பற்றிச் சொன்னதில் இவ்வளவு நல்ல வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை. அது என்னோடது இல்லை, அந்த அதிகாரியோடது, வேலிக்காரம்மாவோடது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

“உள்ள போய்ப் பார்க்கலாமா?” என்றேன்.

“அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?”

“மாட்டார். வா,” என்று கேட்டை நகர்த்தினேன்.